ராபர்ட் ரெட்ஃபோர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 செப்டம்பரில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் காலமானதிலிருந்து, உலக சினிமா பார்க்கும் நண்பர்கள் அவரைப் பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நடிகராக அவரை அறிந்தவர்களுக்கு அவர் இயக்கிய படங்கள் தெரிவதில்லை. சன்டான்ஸ் திரைப்பட விழாவை அறிந்தவர்கள் பலருக்கு அதன் பின்னால் ஒரு நட்சத்திர நடிகர் இருந்ததே தெரியாது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். முன்னால் எளிய சந்தேகங்கள், போகப் போகச் சிக்கலானவை.

ரெட்ஃபோர்ட் யாருங்க? பேர் கேட்ட மாதிரி இருக்கு, ஆனா படம் ஒண்ணும் ஞாபகம் வரல.

அமெரிக்க நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர். 1936 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பிறந்தார். 2025 செப்டம்பர் 16 அன்று யூட்டா மாநிலத்தில் தன் வீட்டிலேயே 89 வயதில் இறந்தார். 1970களில் அமெரிக்காவில் டிக்கெட் விற்கும் முதல் வரிசை நட்சத்திரங்களில் ஒருவர். 'புட்ச் கேசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்', 'த ஸ்டிங்', 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்', 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா' ஆகியவற்றில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். இவை எதுவும் பார்க்கவில்லையென்றால், 2014இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: த வின்டர் சோல்ஜர்' படத்தில் பெரிய மனிதர்போலப் பேசிக்கொண்டே சதி செய்கிறாரே அலெக்சாண்டர் பியர்ஸ், அவர்தான்.

1980இல் முதல் படத்தை இயக்கினார். 1981இல், புது இயக்குநர்களுக்குக் கைகொடுக்கும் சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார். அதன் பிறகு நடிப்பு, இயக்கம், பிறர் படங்களுக்குத் துணை நிற்பது என மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனவர் என்று நினைத்துக்கொண்டால் பல விஷயங்கள் குழம்பும்.

சினிமாவுக்குள்ள எப்படி வந்தார்? அழகா இருந்ததால சுலபமா வாய்ப்பு கிடைச்சிருக்குமே?

அவ்வளவு சுலபமாக இல்லை. பேஸ்பால் விளையாட்டுக்கான உதவித்தொகையில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதை இழந்து, ஓவியம் கற்கவென்று ஐரோப்பாவுக்குப் போய்ச் சுற்றியவர். திரும்பி வந்து நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். நாடகம், தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள் என்று சில வருடங்கள் ஓடின. 1963இல் பிராட்வேயில் நீல் சைமன் எழுதிய 'பேர்ஃபுட் இன் த பார்க்' நாடகம்தான் பெயர் வாங்கித் தந்தது. அதை இயக்கியவர் மைக் நிக்கோல்ஸ்.

அழகு அவருக்குத் தடையாகவும் இருந்தது. அதே நிக்கோல்ஸ் பிறகு 'த கிராஜுவேட்' எடுத்தபோது ரெட்ஃபோர்ட் அதன் நாயகன் வேடத்தைக் கேட்டார். தோற்றுப்போகிறவனாக இந்த முகத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்று நிக்கோல்ஸ் முடிவு செய்தார். வேடம் டஸ்டின் ஹாஃப்மனுக்குப் போனது. பின்னாளில் ரெட்ஃபோர்ட் தேடிப் போன பாத்திரங்களைப் பாருங்கள்: வெளியில் வெற்றி, உள்ளே வெறுமை. அன்று மறுக்கப்பட்ட வேடத்தைத்தான் வேறு வேறு படங்களில் அவர் நடித்துத் தீர்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

சன்டான்ஸ்ங்கிறது படத்துப் பேரா, ஊர்ப் பேரா, விழாவோட பேரா?

வரிசையாகச் சொன்னால் புரியும். 1969இல் வந்த 'புட்ச் கேசிடி' படத்தில் ரெட்ஃபோர்டின் பாத்திரத்தின் பெயர் சன்டான்ஸ் கிட். அந்த வேடத்துக்கு ஸ்டூடியோ இன்னும் பெரிய பெயரைத் தேடியது. இயக்குநர் ஜார்ஜ் ராய் ஹில் பிடிவாதமாக நின்றார், கதாநாயகன் பால் நியூமனும் ஆதரித்தார், அப்படித்தான் கிடைத்தது. அந்தப் படம் அவரை நட்சத்திரமாக்கியது.

யூட்டாவின் மலைப்பகுதியில் 1961லேயே அவர் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார். 1960களின் கடைசியில் பக்கத்திலிருந்த டிம்ப் ஹேவன் என்ற சிறிய பனிச்சறுக்குத் தலத்தையும் சேர்த்து வாங்கி, சன்டான்ஸ் என்று பெயர் வைத்தார். 1981இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட்டுக்கும் அந்த இடத்தின் பெயரே வந்தது. விழாவுக்கு அந்தப் பெயர் 1991இல்தான் வந்தது. விழா நடந்த ஊர் சன்டான்ஸ் அல்ல, அதே மாநிலத்திலுள்ள பார்க் சிட்டி. அந்தப் பனிச்சறுக்குத் தலத்தை 2020இல் விற்றுவிட்டார். இன்ஸ்டிட்யூட் அதோடு சேர்ந்து விற்கப்படவில்லை, அது தனி லாபநோக்கற்ற அமைப்பு.

சுயாதீன சினிமான்னா என்ன? கம்மி பட்ஜெட் படமா?

பட்ஜெட் ஓர் அடையாளம், அவ்வளவே. அமெரிக்காவில் இந்தப் பேச்சு பெரிய ஸ்டூடியோக்களை வைத்து வந்தது. கதையைத் தேர்வு செய்வது, பணம் போடுவது, நடிகரை முடிவு செய்வது, எடிட்டிங்கில் கடைசி முடிவு யாருடையது என்று சொல்வது, தியேட்டருக்குக் கொண்டு போவது எல்லாமே சில நிறுவனங்களின் கையில். இந்த ஏற்பாட்டுக்கு வெளியே பணம் திரட்டி, தன் விருப்பப்படி எடுக்கப்படும் படத்தைச் சுயாதீனப் படம் என்கிறார்கள்.

எடுப்பதைவிடக் காட்டுவதுதான் கஷ்டம். கடன் வாங்கியாவது ஒரு படத்தை எடுத்துவிடலாம். தியேட்டர் கிடைக்க வேண்டும், விளம்பரம் வேண்டும், இரண்டாவது வாரமும் ஓட வேண்டும். இதற்கு விநியோகஸ்தர் வேண்டும். ரெட்ஃபோர்டின் கவலை முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பெரிய ஸ்டார் அவர். சின்னப் படங்கள் மேல அவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

அவரே அதில் அடிபட்டவர். நட்சத்திரமான அதே 1969இல் 'டவுன்ஹில் ரேஸர்' என்ற படமும் வந்தது. தன் சொந்த நிறுவனமான வைல்ட்வுட் மூலம் குறைந்த செலவில், மைக்கேல் ரிட்சி என்ற புது இயக்குநரை வைத்து எடுத்தது. ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரன் ஒருவனின் கதை. வழக்கமான விளையாட்டுப் படத்தில் நாயகன் ஜெயித்தால் நாமும் கைதட்டுவோம். இதில் ஜெயிக்கிறவன் சுயநலக்காரன், யாருடனும் ஒட்டாதவன், ஜெயித்த பிறகும் நமக்கு அவனைப் பிடிப்பதில்லை. படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கு இதை எப்படி விற்பதென்று தெரியவில்லை. படம் ஓடவில்லை.

1972இல் அதே ரிட்சியுடன் 'த கேன்டிடேட்'. தோற்பான் என்று தெரிந்தே தேர்தலில் நிறுத்தப்படும் இளைஞன், ஜெயிப்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பேச்சையே மாற்றிக்கொள்கிறான். கடைசியில் ஜெயித்துவிடுகிறான். ஹோட்டல் அறையில் தன் மேலாளரைத் தனியாக இழுத்துப் போய், 'இப்போது என்ன செய்வது?' என்று கேட்கிறான். பதில் வருவதற்குள் கூட்டம் உள்ளே நுழைந்துவிடுகிறது, படமும் முடிகிறது. இதன் திரைக்கதைக்கு ஜெரமி லார்னர் ஆஸ்கர் வாங்கினார்.

இரண்டு படங்களிலும் ரெட்ஃபோர்ட் கண்டது ஒன்றே. தன் பெயரை வைத்து ஒரு படத்தை எடுக்க வைத்துவிட முடிகிறது, அதைச் சரியான ஆட்களிடம் கொண்டு சேர்க்க முடிவதில்லை. தனக்கே இந்த நிலை என்றால் பெயரே இல்லாதவனுக்கு என்ன கதி? சன்டான்ஸின் விதை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரக்கப்பட்டுச் செய்த தர்மம் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. தொழிலுக்குள் நின்று அதன் ஓட்டையைப் பார்த்தவர் செய்த வேலை அது.

'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்' படத்துல அவர் நடிகர் மட்டும்தானே? இயக்குநர் வேற ஒருத்தராச்சே?

இயக்கியவர் ஆலன் பக்குலா. ஆனால் அந்தப் படம் உருவானதே ரெட்ஃபோர்டால்தான். அமெரிக்க அதிபர் நிக்ஸன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விவகாரத்தை வெளிக்கொண்டு வந்த 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர்கள் உட்வர்ட், பெர்ன்ஸ்டீன் இருவரையும் அவர்கள் புத்தகத்தை முடிக்கும் முன்பே தேடிப் போனார். நிக்ஸனைப் பற்றி எழுதுவதைவிட, நீங்கள் இருவரும் இதை எப்படித் தோண்டினீர்கள் என்பதுதான் கதை என்று சொன்னார். பிறகு 4,50,000 டாலர் கொடுத்துப் பட உரிமையை வாங்கினார்.

செய்தி அறையை அப்படியே ஸ்டூடியோவில் எழுப்பினார்கள். மேசைகளின் மேல் போட உண்மையான பத்திரிகை அலுவலகத்திலிருந்தே குப்பைக் காகிதங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். அதில் ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள்: ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் இரண்டு பேரிடம் மாறி மாறிப் பேசுகிறார். கேமரா பல நிமிடங்கள் வெட்டில்லாமல் மெதுவாக அவர் முகத்தை நெருங்குகிறது. நடுவில் அவர் ஒரு பெயரை மாற்றிச் சொல்லித் தடுமாறுகிறார், அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்து போன் பேசும் ஒருவரை வைத்து இவ்வளவு பரபரப்பைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இன்றும் இதைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். படத்துக்கு 4 ஆஸ்கர்கள் கிடைத்தன.

முதல் படத்துக்கே இயக்குநர் ஆஸ்கராமே? ஸ்கோர்செஸியோட 'ரேஜிங் புல்' இருக்கும்போது இது நியாயமா?

ஆமாம். 1980இல் வந்த 'ஆர்டினரி பீப்பிள்' சிறந்த படம், இயக்குநர், தழுவல் திரைக்கதை, துணை நடிகர் என 4 ஆஸ்கர்களை வாங்கியது. அதே ஆண்டு போட்டியில் இருந்த 'ரேஜிங் புல்' பிற்காலத்தில் பெற்ற மரியாதையைப் பார்க்கிறவர்கள் இந்த முடிவை ஒரு தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படமாக்கும் திறமையில் 'ரேஜிங் புல்' ஒருபடி மேல்தான், எனக்கும் அதில் சந்தேகமில்லை. அதற்காக 'ஆர்டினரி பீப்பிள்' படத்தைப் பார்க்காமலே ஒதுக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

படகு விபத்தில் மூத்த மகனை இழந்த வசதியான குடும்பம். உயிர் பிழைத்த இளையவன் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியிருக்கிறான். வீட்டில் யாரும் கத்துவதில்லை, சாப்பாட்டு மேசை ஒழுங்காக இருக்கிறது. ஒரு காட்சியில் குடும்பமாகப் புகைப்படம் எடுக்கிறார்கள். அம்மாவையும் மகனையும் சேர்த்து நிற்க வைத்து அப்பா கேமராவைப் பிடிக்கிறார். அம்மா சிரித்த முகத்தோடு 'கேமராவை என்னிடம் கொடு' என்கிறாள். அப்பா, 'ஒரு நிமிடம்' என்கிறார். மறுபடி கேட்கிறாள். மகனோடு தனியாக ஒரு படத்தில் நிற்க அவளுக்கு மனமில்லை என்பது மெல்ல எல்லோருக்கும் புரிகிறது, மகனுக்குத்தான் முதலில். அவன் வெடிக்கிறான். பின்னணி இசை கிடையாது, கேமரா வித்தை கிடையாது. மூன்று நடிகர்கள், ஒரு புகைப்படக் கருவி.

நடிகராக இருந்தவர் இயக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. அம்மாவாக நடித்த மேரி டைலர் மூர் தொலைக்காட்சியில் சிரிப்பு நடிகை. அவரிடம் அந்த உறைந்த முகத்தை எதிர்பார்த்தவர் ரெட்ஃபோர்ட் ஒருவர்தான். மகனாக நடித்த டிமதி ஹட்டனுக்கு அப்போது 20 வயது. சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் வாங்கிய ஆண்களில் மிக இளையவர் இன்றும் அவரே.

நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கினாரா இல்லையா?

இல்லை. 'த ஸ்டிங்' படத்துக்காக ஒரே ஒரு முறை நடிகராகப் பரிந்துரைக்கப்பட்டார். 2002இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், அதிலும் சன்டான்ஸ் பணிக்குப் பெரிய பங்கு உண்டு. 2016இல் அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம்.

அவர் இயக்கினது மொத்தம் எத்தனை? எதுல ஆரம்பிக்கலாம்?

முழுநீளக் கதைப்படங்கள் 9. முதலில் 'ஆர்டினரி பீப்பிள்', அடுத்து 'குவிஸ் ஷோ' பாருங்கள். 1994இல் வந்த இது, 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சியில் நடந்த உண்மையான மோசடி பற்றியது. தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த ஸ்டெம்பெல் என்ற போட்டியாளரை, அழகான ஒரு பேராசிரியரிடம் தோற்கச் சொல்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படம் எது என்பது கேள்வி. 'மார்ட்டி' என்ற விடை அவருக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு மிகவும் பிடித்த படமே அதுதான். தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, வேர்வையோடு தவறான படத்தைச் சொல்லும் ஜான் டர்டுரோவின் முகத்தை மறக்க முடியாது. தன் முகத்தாலேயே வாழ்க்கை அமைந்த ஒருவர், அழகான முகத்துக்காக உண்மையைத் தள்ளிவைக்கும் ஊடகத்தைப் பற்றி எடுத்த படம் என்பதால் எனக்கு இது கூடுதலாகப் பிடிக்கும்.

மூன்றாவதாக 1992இன் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்'. மொன்டானா ஆறு, தூண்டில், இரண்டு சகோதரர்கள், இளம் பிராட் பிட். பின்னணிக் குரல் ரெட்ஃபோர்டுடையது. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1988இன் 'த மிலாக்ரோ பீன்ஃபீல்ட் வார்', தண்ணீர் உரிமைக்காகப் பெரும் முதலாளிகளோடு மோதும் நியூ மெக்சிகோ கிராமத்தின் கதை. ஓடாத படம், ஆனால் அன்பான படம். 'த லெஜன்ட் ஆஃப் பேகர் வான்ஸ்', 'லயன்ஸ் ஃபார் லேம்ப்ஸ்' இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது மிகை இனிப்பு, இரண்டாவது மேடைப் பேச்சு.

சன்டான்ஸ் லேப்னு சொல்றாங்களே, அங்க என்னதான் நடக்கும்? பாடம் எடுப்பாங்களா?

வகுப்பு, தேர்வு, பட்டம் எதுவும் இல்லை. 1981 ஜூனில் முதல் முறையாக ஒரு சின்னக் குழுவை மலைக்கு அழைத்தார் ரெட்ஃபோர்ட். முதல் படம் எடுக்கத் துடிக்கும் இயக்குநர்கள், அவர்களுக்கு அனுபவமுள்ள எழுத்தாளர்கள், நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், எடிட்டர்கள் துணை. இயக்குநர் தன் திரைக்கதையிலிருந்து இருப்பதிலேயே கஷ்டமான சில காட்சிகளை எடுத்துக்கொள்வார். நடிகர்களோடு ஒத்திகை பார்ப்பார், சின்னக் குழுவோடு படம்பிடிப்பார், எடிட் செய்வார், மூத்தவர்களிடம் போட்டுக் காட்டுவார். அந்தக் காட்சிகள் படத்தில் வரப்போவதில்லை. தோற்றுப் பார்ப்பதற்கென்றே எடுக்கப்படுபவை. பணம் போட்டவர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்காத ஓர் இடத்தில் தவறு செய்ய இவ்வளவு வசதி வேறெங்கும் கிடைக்காது. எழுத்தாளர்களுக்கான பயிலரங்கு தனியாக நடக்கும். ரெட்ஃபோர்டின் மொத்த வாழ்க்கையில் பெரிய சாதனை எதுவென்று கேட்டால், விழாவைவிட இந்த லேபைத்தான் சொல்வேன்.

குவென்டின் டாரன்டினோ 1991இல் 'ரெஸர்வாயர் டாக்ஸ்' திரைக்கதையோடு வந்தார். வெட்டில்லாத நீண்ட ஷாட்களில் எடுத்துக் காட்டினார். முதலில் பார்த்த ஆலோசகர்கள் குழு கடுமையாகக் குறை சொன்னது. அடுத்து வந்த குழுவில் இயக்குநர் டெர்ரி கில்லியம் இருந்தார், அவர் தைரியம் கொடுத்தார். ஒரே வேலைக்கு இரண்டு விதமான தீர்ப்பைக் கேட்டு, எது தனக்குச் சரி என்று இயக்குநரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. லேபின் பயனே அதுதான். பால் தாமஸ் ஆண்டர்சன், ரயன் கூக்ளர், க்ளோயி ஜாவ் எல்லோரும் முதல் படத்துக்கு முன் இங்கே வந்து போனவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்கள் கதையைத் தாங்களே எடுக்க வேண்டும் என்பதில் ரெட்ஃபோர்ட் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தார். லேபில் வளர்ந்து 1998 விழாவில் திரையிடப்பட்ட 'ஸ்மோக் சிக்னல்ஸ்' படத்தை எழுதியவரும் இயக்கியவரும் பூர்வகுடியினர். நியூசிலாந்தின் மாவோரி வம்சத்தவரான டைக்கா வைடீடியும் இந்த வழியாக வந்தவர்தான்.

அப்போ டாரன்டினோ, சோடர்பர்க் எல்லாரையும் ரெட்ஃபோர்ட்தான் கண்டுபிடிச்சார்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. தேர்வு செய்ததும் கூட இருந்து பார்த்ததும் இன்ஸ்டிட்யூட்டின் ஊழியர்களும் ஆலோசகர்களும். ரெட்ஃபோர்ட் இடம் கொடுத்தார், தன் பெயரைக் கொடுத்தார், பணம் திரட்டினார், பிறகு ஒதுங்கி நின்றார். மேலும் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பர்க் லேப் வழியாக வந்தவர் அல்ல, விழாவில் தன் படத்தைக் காட்டியவர். இரண்டும் வேறு.

சரி, விழாவையாவது அவர்தானே ஆரம்பிச்சார்?

பலரும் நினைப்பது அப்படித்தான். 1978இல் சால்ட் லேக் சிட்டியில் யூட்டா/யுஎஸ் திரைப்பட விழா என்ற பெயரில் வேறு சிலர் சேர்ந்து தொடங்கியது அது. ரெட்ஃபோர்ட் அதன் குழுத் தலைவராகப் பெயர் கொடுத்திருந்தார். 1981இல் பார்க் சிட்டிக்கு, அதுவும் ஜனவரிக்கு மாறியது. பனிச்சறுக்கு ஊரில் குளிர்காலத்தில் வைத்தால் ஹாலிவுட்காரர்கள் தானாக வருவார்கள் என்ற யோசனை இயக்குநர் சிட்னி பொல்லாக்குடையது. ரெட்ஃபோர்டை வைத்து 7 படங்கள் இயக்கிய நெருங்கிய நண்பர். 1985இல் இன்ஸ்டிட்யூட் விழாவை எடுத்து நடத்தத் தொடங்கியது.

ஆரம்ப வருடங்களில் கூட்டமே இல்லை. எகிப்தியன் தியேட்டர் வாசலில் நின்று தெருவில் போகிறவர்களை உள்ளே வரச் சொல்லி அழைத்ததை ரெட்ஃபோர்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகமே அறிந்த முகம் வாசலில் நின்று கூப்பிட்டும் உள்ளே இருக்கைகள் காலி.

சன்டான்ஸ்ல ஒரு படம் ஓடினா அதுக்கு என்ன ஆகும்?

விநியோகஸ்தர்கள் பார்க்கிறார்கள், பிடித்தால் வாங்குகிறார்கள். சுயாதீன சினிமா பற்றிய கேள்வியில் சொன்ன அந்தக் கஷ்டத்துக்கு விழா கண்டுபிடித்த வழி இது. திருப்பம் 1989இல் வந்தது. சோடர்பர்க் சுமார் 12 லட்சம் டாலரில் எடுத்த 'செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்' அங்கே பார்வையாளர் விருது வாங்கி, அதே ஆண்டு கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனையையும் வென்று, அமெரிக்காவில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் பிறகு வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். 2006இல் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' 1.05 கோடி டாலருக்குப் போனது. 2021இல் 'கோடா' 2.5 கோடி டாலருக்கு ஆப்பிளிடம் போய், மறுவருடம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது.

விற்காமல் திரும்பும் படங்கள்தான் அதிகம். அதைச் செய்திகளில் பார்க்க முடியாது.

விழா முழுக்க வியாபாரமாயிடுச்சுன்னு திட்டறாங்களே? ரெட்ஃபோர்ட் கண்டுக்கலையா?

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. 1990களிலிருந்து பார்க் சிட்டியின் பிரதான தெரு ஜனவரியில் விளம்பர நிறுவனங்களின் கூடாரமாகிவிட்டது. படத்துக்குச் சம்பந்தமில்லாத பிரபலங்கள் இலவசப் பைகளை வாங்கிப் போக வந்தார்கள். விழாவின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டு வருகிற இந்தக் கூட்டத்தைப் பற்றி ரெட்ஃபோர்ட் வெளிப்படையாகவே எரிச்சல்பட்டிருக்கிறார். 'சன்டான்ஸ் பாணிப் படம்' என்று ஒரு அச்சும் உருவானது: விசித்திரமான குடும்பம், கிட்டார் இசை, லேசான சோகம். அச்சுகளை உடைக்கத் தொடங்கிய இடத்தில் இன்னொரு அச்சு.

ஆனாலும் பெரிய விலைக்குப் போகிற ஒரு படத்தைப் பார்க்க வருகிறவர்கள்தான் பக்கத்து அரங்கில் யாரும் கேள்விப்படாத ஆவணப்படத்தையும் பார்க்கிறார்கள். ஆவணப்படங்களுக்கு அங்கே கிடைத்த மரியாதையை வேறு பெரிய அமெரிக்க விழா எதுவும் தந்ததில்லை என்பது என் கருத்து. 2019 விழாவின் தொடக்கத்தில், இனி அறிமுகம் செய்ய நான் தேவையில்லை என்று சொல்லி ரெட்ஃபோர்ட் முன்வரிசையிலிருந்து விலகிக்கொண்டார்.

அவர் இயக்கின படங்களே ஸ்டூடியோ படங்கள்தானே? அப்புறம் என்ன சுயாதீன சினிமா காவலர்?

கேட்க வேண்டிய கேள்வி. ஆமாம், 'ஆர்டினரி பீப்பிள்' பாரமவுண்ட், 'குவிஸ் ஷோ' டிஸ்னி குழுமம். கடைசி இரண்டு படங்களான 'த கான்ஸ்பிரேட்டர்', 'த கம்பெனி யூ கீப்' ஆகியவைதான் பெரிய ஸ்டூடியோவுக்கு வெளியே எடுக்கப்பட்டவை.

அவர் ஸ்டூடியோக்களை ஒழிக்கச் சொன்னவர் அல்ல. ஸ்டூடியோ எடுக்காத கதைகளுக்கும் இடம் வேண்டும் என்றவர். மக்கள் தேர்ந்தெடுக்க இன்னும் நாலு விதமான படங்கள் இருக்க வேண்டும், அதுதான் அவர் வாதம். 'டவுன்ஹில் ரேஸர்' காலத்தில் அவருக்கு ஸ்டூடியோ கதவு திறந்திருந்தது, அதனால் அங்கே நுழைந்தார். கதவு திறக்காதவர்களுக்காகச் சன்டான்ஸை வைத்தார். தன் சொந்தப் படங்களில் இன்னும் துணிந்திருக்கலாம் என்ற குறை எனக்கும் உண்டு. லேபில் மற்றவர்களுக்குக் கொடுத்த சுதந்திரத்தை அவர் தனக்குக் கொடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சன்டான்ஸ்ல வளர்ந்த இயக்குநர்கள் அவரை வெச்சுப் படம் எடுத்தாங்களா?

முப்பது வருடம் யாரும் கூப்பிடவில்லை! அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 2011 விழாவில் 'மார்ஜின் கால்' என்ற முதல் படத்தோடு வந்த ஜே.சி. சான்டர்தான் முதல் ஆள். அவர் ரெட்ஃபோர்டை வைத்து எடுத்ததுதான் 2013இல் வந்த 'ஆல் இஸ் லாஸ்ட்'. நடுக்கடலில் ஓட்டை விழுந்த படகு, தனியாக ஒரு முதியவர், படம் முழுக்க அவர் மட்டும்தான், வசனம் ஏறக்குறைய இல்லை. 76 வயதில் தண்ணீருக்குள் விழுந்து எழுந்து நடித்திருக்கிறார். ஓட்டையைப் பசை வைத்து அடைக்கும்போது அவர் கைகளைப் பாருங்கள்: அவசரமே இல்லை, தெரிந்த வேலையைச் செய்கிறவரின் நிதானம். அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்காதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் 2018இல் 'த ஓல்ட் மேன் அண்ட் த கன்', இயக்கியவர் டேவிட் லோவரி, அவரும் சன்டான்ஸில் படம் காட்டியவர்.

இவ்வளவு பேசிட்டு மார்வெல் படத்துல நடிச்சாரே, அது முரண் இல்லையா?

முன்பே சொன்னதுதான்: பெரிய படங்களை அவர் எதிர்க்கவில்லை. தவிர, அவரை அந்த வேடத்தில் போட்டதற்குப் பொருள் உண்டு. 1975இல் 'த்ரீ டேஸ் ஆஃப் த கான்டோர்' படத்தில் உளவு அமைப்பின் சதியில் மாட்டிக்கொண்டு ஓடும் சாதாரண ஊழியன் அவர். 'வின்டர் சோல்ஜர்' அந்தக் காலச் சதிக் கதைகளின் சாயலில் எடுக்கப்பட்டது. அன்று ஓடியவரையே இன்று சதிக்குத் தலைவராக உட்கார வைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ருசி கூடும்.

இந்தியப் படங்களுக்கு அங்க இடம் கிடைச்சிருக்கா?

நிறையவே. நீரஜ் கய்வானின் 'மசான்' திரைக்கதை நிலையிலேயே சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் விருது பெற்றது. 2021இல் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' பத்திரிகை பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்', 2022இல் டெல்லியில் பருந்துகளுக்குச் சிகிச்சை செய்யும் சகோதரர்களைப் பற்றிய ஷௌனக் சென்னின் 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆகிய ஆவணப்படங்கள் அங்கே விருது வாங்கி ஆஸ்கர் பரிந்துரை வரை போயின. 2024இல் சுச்சி தலாட்டியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' பார்வையாளர் விருது பெற்றது. 2025இல் ரோஹன் கனவடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்டா' உலகக் கதைப்படப் பிரிவின் நடுவர் குழுவின் பெரும் பரிசையே வென்றது.

விழா இனிமே பார்க் சிட்டியில நடக்காதாமே? அவர் இறந்ததாலயா?

இல்லை, முடிவு அதற்கு முன்பே வந்தது. 2027 முதல் விழா கொலராடோ மாநிலத்தின் பவுல்டர் நகரில் நடக்கும் என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். 2026 ஜனவரி விழாதான் பார்க் சிட்டியில் கடைசி. சின்ன மலை ஊருக்கு இந்த அளவு கூட்டமும் செலவும் தாங்கவில்லை என்பது முக்கியக் காரணம். பவுல்டர், ரெட்ஃபோர்ட் பேஸ்பால் உதவித்தொகையில் படிக்கப் போன அதே பல்கலைக்கழக ஊர். அறிவிப்பு வந்தபோது அவரும் அதை வரவேற்றார். ஊர் மாறுவதை நினைத்துக் கவலைப்படும் நண்பர்களுக்கு நான் சொல்வது, விழாவைவிட லேப் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். முதல் படத்தோடு திணறிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பயமில்லாமல் நாலு காட்சிகளைத் தப்பாக எடுத்துப் பார்க்க ஜூன் மாதத்தில் இடம் கிடைக்கிற வரைக்கும் ரெட்ஃபோர்ட் தொடங்கிய வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம்.